நாற்பத்துநாலுக்கு முப்பது: எங்கட முதுமையும் சுவிஸ் ஓய்வூதியமும்

(பேர்ணில் நடந்த ஞாயிறு கூட்டத்தில் நான் பேசியது. எழுத்தில் தரச் சொல்லித் தோழர்கள் கேட்டார்கள். கணக்கு வாற இடங்களைத்தான் கொஞ்சம் திருத்தினனான். மிச்சம் கதைச்ச மாதிரியே கிடக்கு.)



முதலில ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லுறன். பேர் வேண்டாம். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில வந்தவ. கணவரைப் பிரிஞ்சு ரெண்டு பிள்ளையளைத் தனிய வளர்த்தவ. விடிய நாலரைக்கு எழும்பி ஒரு அலுவலகத்தில கிளீனிங், மத்தியானம் ஒரு பல்வைத்தியரிட்ட, வெள்ளிக்கிழமையில ஒரு வீட்டில. மூண்டு வேலையும் சேர்த்து மாசம் 3,000 பிராங்குக்குக் கிட்ட. இப்ப பென்சனில இருக்கிறா. மாசம் ஏறக்குறைய 1,300 பிராங் வருது. வீட்டு வாடகை மட்டும் 1,080. அதுக்குப் பிறகு கிராங்கன்காஸ, கரண்ட், சாப்பாடு.

போன வருசம் ஒரு நாள் பஸ்ஸுக்குள்ள கண்டனான். "தம்பி, ஆருக்காவது பிள்ளை பாக்க ஆள் தேவையெண்டாச் சொல்லு" எண்டு கேட்டா. பென்சன் எடுத்து ரெண்டு வருசம் ஆகியிருந்தது. நான் தொழிற்சங்கத்தில கனகாலம் இருக்கிறவன். கோயில் அன்னதானத்தில அவவுக்குப் பக்கத்தில இருந்து எத்தனையோ தரம் சாப்பிட்டிருப்பன். ஒருக்காவும் "அக்கா, பென்சன் எவ்வளவு வருது?" எண்டு கேக்கேல்ல. எங்கட ஆக்களுக்குள்ள அது கேக்கிற கேள்வியில்லை எண்டு எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறன்.

அவவுக்கு ஏன் இந்த நிலை? சேமிக்கத் தெரியாமலோ? எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம். "சாமத்தியவீட்டுக்கும் நகைக்கும் செலவழிச்சினம்", "ஊரில வீடு கட்டினவை", "நாட்டுக்கெண்டு தங்கட பேரில வங்கியில கடன் எடுத்துக் குடுத்தவை". இதெல்லாம் நடந்ததுதான், நான் மறுக்கேல்ல. என்னையே எடுங்கோ. 2000களில பென்சன்காஸில இருந்த காசை முழுக்க எடுத்துக் கடை போட்டனான். சொந்தத் தொழில் தொடங்கிறதெண்டால் எடுக்கலாம் எண்டு சட்டம் விட்டது. நாலு வருசத்தில கடையும் போச்சு, காசும் போச்சு. திரும்பக் குசினிக்கே வந்தனான்.

ஆனால் அக்கா எதையும் எடுக்கேல்ல. அவவுக்கு எடுக்கிறதுக்கே ஒண்டும் இருக்கேல்ல. அது எப்பிடி எண்டு விளங்கினால்தான் எந்தச் சீர்திருத்தம் எங்களுக்கு உதவும், எது உதவாது எண்டு சொல்ல முடியும்.

இந்த நாட்டில் ஓய்வூதியம் மூன்று தூண்களில் நிற்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். முதலாவது, நாங்கள் ஆஹாஃபவ் என்று சொல்லுகிற முதியோர் காப்புறுதி. இரண்டாவது பென்சன்காஸ. மூன்றாவது சொந்தச் சேமிப்பு. மூன்றாவதைப் பற்றி ஒரு வரி போதும்: மாதக் கடைசியில் கையில் மிஞ்சுகிறவருக்கு அது வரிச்சலுகை, மிஞ்சாதவருக்கு அது விளம்பரத்தாள்.

முதல் தூணின் வரலாறு எங்களுக்குப் பிடித்த வரலாறு. 1918 நவம்பரில் இந்த நாட்டில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ஏறக்குறைய இரண்டரை இலட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். வாரம் 48 மணிநேர வேலை, பெண்களுக்கு வாக்குரிமை, முதியோர் காப்புறுதி எல்லாம் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. இராணுவத்தை இறக்கினார்கள். கிரென்சனில் மூன்று தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். வேலைநிறுத்தம் சில நாட்களில் முறிந்தது. முதியோர் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது 1948இல், முப்பது வருடம் கழித்து. அதற்கான வாக்கெடுப்பு 1947இல் நடந்தது. 80 சதவீதம் ஆம் என்றார்கள். வாக்குப் போட்டது ஆண்கள் மட்டும்தான். பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை கிடைத்தது 1971இல். வீட்டு வேலை செய்து, நெசவாலையில் நின்று முதுமையடைந்த பெண்களின் ஓய்வூதியத்தை வேறு ஆட்கள் தீர்மானித்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ, பிறகு இதுக்கு வாறன்.

ஆஹாஃபவ் நல்லது ஏன்? சம்பளத்தில் 8.7 சதவீதம் அதற்குப் போகிறது, பாதி நாங்கள், பாதி முதலாளி. அதற்கு உச்சவரம்பு இல்லை. மில்லியன் உழைக்கிற வங்கிக்காரரும் முழு மில்லியனுக்கும் கட்டவேண்டும். ஆனால் ஓய்வூதியத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. தனியாள் ஒருவருக்கு ஆகக் கூடியது மாதம் 2,520 பிராங், ஆகக் குறைந்தது 1,260. வருடம் 90,720 பிராங்குக்கு மேல் உழைப்பவருக்கு அதற்கு மேல் ஒரு சதமும் கூடாது. கூடக் கட்டுகிற காசு எங்களைப் போன்றவர்களின் பக்கம் வருகிறது. பிள்ளை வளர்த்த வருடங்களுக்கும் ஒரு கற்பனைச் சம்பளம் கணக்கில் சேர்க்கிறார்கள், 1997இலிருந்து. அக்காவுக்கு 1,300 வந்ததே அதனால்தான்.

ஆனால் ஒரு பொறி இருக்கு. அந்த 1,260உம் 2,520உம் முழு ஓய்வூதியக் கணக்கு. முழுசாக் கிடைக்க 44 வருடம் கட்டியிருக்க வேணும். 21 வயதில தொடங்கி 65 வரை, ஒரு வருசமும் விடாமல். ஒரு வருசம் குறைஞ்சால் நாற்பத்துநாலில ஒரு பங்கு வெட்டு. நாங்கள் எத்தனை வயசில வந்தனாங்கள்? முப்பதில, முப்பத்தஞ்சில. 21 வயசில எங்களில ஆர் வரி கட்டிக்கொண்டிருந்தது? ஓடிக்கொண்டெல்லோ இருந்தனாங்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு 30 வருடம் இருக்கிறது. பிள்ளை வளர்த்த கணக்கையும் சேர்த்துச் சராசரி வருமானம் 45,000 பிராங் அளவில் வருகிறது. 44 வருடம் இருந்திருந்தால் அவருக்கு மாதம் 1,900க்குக் கொஞ்சம் மேல் வந்திருக்கும். 44க்கு 30 என்பதால் 1,300. ஆகக் குறைந்த 1,260 என்பதும் 30 வருடக்காரருக்கு 860 ஆகிவிடும். பேப்பரில் "குறைந்தபட்ச ஓய்வூதியம்" என்று வாசித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் காணாமல் விடுகிறார்கள்.

இனி இரண்டாவது தூண். 1972 டிசம்பரில் இரண்டு வழி மக்கள் முன் வைக்கப்பட்டது. ஒன்று, தொழிலாளர் கட்சி கொண்டுவந்த மக்கள் ஓய்வூதியம்: அரச ஓய்வூதியமே வாழப் போதுமானதாக இருக்கவேண்டும் என்பது. மற்றது இந்த மூன்று தூண் முறை. மக்கள் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தார்கள். 1985இல் பென்சன்காஸ கட்டாயமானது. கட்டாயம் என்றாலும் எல்லாருக்கும் அல்ல. ஒரு முதலாளியிடம் வருடம் 22,680 பிராங்குக்கு மேல் சம்பளம் எடுத்தால்தான் கட்டாயம். "ஒரு முதலாளியிடம்" என்ற சொல்லைக் கவனியுங்கோ. அக்காவுக்கு அலுவலகத்தில 14,400, பல்வைத்தியரிட்ட 12,000, வீட்டில 9,600. மொத்தம் 36,000. ஆனால் ஒண்டாவது 22,680ஐத் தாண்டேல்ல. ஆகவே பென்சன்காஸ பூச்சியம். முப்பது வருசம் வேலை செய்து பூச்சியம்.

அதே 36,000ஐ ஒரே இடத்தில் எடுத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. சம்பளத்திலிருந்து முதலில் 26,460ஐக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் காப்புறுதி. 9,540 மிஞ்சும். 45இலிருந்து 54 வயது வரை அதில் 15 சதவீதம், அதாவது வருடம் 1,431 பிராங் அவருடைய பெயரில் சேரும். குறைந்த சம்பளக்காரரின் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கணக்கிலேயே எடுக்காத முறை இது. கழிக்கிற தொகை எல்லாருக்கும் ஒன்று என்பதால் கூடச் சம்பளக்காரருக்கு அது தெரியவே தெரியாது.

இப்ப சீர்திருத்தங்களுக்கு வாறன். அண்மையில் ரெண்டு பெரிய வாக்கெடுப்பு நடந்தது. 2024 மார்ச் 3ஆம் திகதி 13ஆவது ஆஹாஃபவ். 58.2 சதவீதம் ஆம். தொழிற்சங்கங்கள் கொண்டுவந்த ஒரு சமூகநலப் பிரேரணை நாடளாவிய வாக்கெடுப்பில் வெல்லுவதை நான் வந்த நாளிலிருந்து கண்டதில்லை. அண்டைக்கு இரவு நித்திரை வரேல்ல எனக்கு. 2026 டிசம்பரில் முதல் கொடுப்பனவு. அதே 2024 செப்டெம்பர் 22இல் பென்சன்காஸச் சீர்திருத்தம் வந்தது, 67 சதவீதம் இல்லை என்று விழுத்தினோம்.

இந்த ரெண்டாவதில எங்களுக்குள்ளயே கன சண்டை. மறைக்க வேண்டாம். அந்தச் சீர்திருத்தம் அப்போது 22,050 ஆக இருந்த நுழைவுத் தொகையை 19,845 ஆகக் குறைக்க இருந்தது. அப்போதைய 25,725ஐக் கழிக்கிறதுக்குப் பதிலாகச் சம்பளத்தின் 20 சதவீதத்தை மட்டும் கழிக்க இருந்தது. அரைநேர வேலை செய்யிற பெண்களுக்கு நல்லதுதானே, ஏன் எதிர்க்கிறீங்கள் எண்டு ஒரு தங்கச்சி என்னட்டக் கேட்டா. நல்ல கேள்வி. அதே சட்டம் சேர்ந்த காசை மாத ஓய்வூதியமாக மாற்றுகிற வீதத்தை 6.8இலிருந்து 6.0 ஆகக் குறைக்கவும் இருந்தது. குறைந்த சம்பளத்தில் இருந்து கூடக் காசு பிடித்து, ஒவ்வொரு இலட்சத்துக்கும் வருடம் 800 பிராங் குறைத்துக் கொடுக்கிற திட்டம். சிலருக்குக் கூட்டிக் கழித்து லாபம் வந்திருக்கும், அது உண்மை. ஆனால் அக்காவை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 14,400, 12,000, 9,600. மூன்றும் 19,845க்கும் கீழேதான். நல்ல பக்கத்திலும் அவ இல்லை, கெட்ட பக்கத்திலும் இல்லை. அவ கணக்கிலேயே இல்லை. நான் இல்லை எண்டு வாக்குப் போட்டனான், இண்டைக்கும் அதைத்தான் போடுவன். ஆனால் நாங்கள் அந்தப் பிரசாரத்தில "வேண்டாம்" எண்டு மட்டும் சொன்னனாங்கள். எல்லா வேலைச் சம்பளத்தையும் கூட்டிக் கணக்கெடு எண்டு சத்தமாகச் சொல்லேல்ல. அது எங்கட பிழை.

(இடையில் ஒரு தகவல்: இப்போதும் சட்டத்தில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. பல முதலாளிகளிடம் எடுக்கிற மொத்தச் சம்பளம் 22,680ஐத் தாண்டினால் நீங்களாகவே விரும்பிக் காப்புறுதி செய்யலாம், முதலாளிமார் தங்கள் பங்கைக் கட்டவேண்டும். ஆனால் நீங்கள்தான் கேட்கவேண்டும். அதிகாலையில் கிளீனிங் செய்கிற மனுசி பல்வைத்தியரிடம் போய் "என் பென்சனில் பாதி கட்டுங்கள்" என்று கேட்கிறதைக் கற்பனை பண்ணிப் பாருங்கள்.)

13ஆவதைப் பற்றியும் நேர்மையாகக் கதைப்பம். அது ஒவ்வொருவரும் எடுக்கிற ஓய்வூதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 2,520 எடுக்கிறவருக்கு வருடம் 2,520. அக்காவுக்கு 1,300. 860 எடுக்கிறவருக்கு 860. கூட இருக்கிறவருக்குக் கூட. எதிர்த்தவர்கள் இதைப் பூவாளியால் எல்லாச் செடிக்கும் தண்ணி ஊத்துகிற வேலை என்று கிண்டல் செய்தார்கள். அவர்களுக்கு ஏழைகளில் இருந்த அக்கறையை நான் அந்த மாதம் மட்டும்தான் கண்டேன், அது வேற கதை. எல்லாருக்கும் வருகிற காப்புறுதியைத்தான் எல்லாரும் காப்பாற்றுவார்கள், ஏழைக்கு மட்டும் என்று பிரித்தால் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டுவார்கள். ஆகவே 13ஆவது சரி. ஆனால் அது மட்டும் போதாது. அதற்கான காசை எங்கே எடுப்பது என்ற சண்டையிலும் நாங்கள் நிற்கவேண்டும். சம்பளத்தில் எடுத்தால் மில்லியன்காரரும் கட்டுவார். பெறுமதி சேர் வரியில் எடுத்தால் அக்கா வாங்குகிற அரிசி மூட்டையிலும் எடுப்பார்கள்.

முதலில் சொன்ன 1947ஐ இப்ப எடுங்கோ. 2024இல் அக்கா வாக்குப் போடேல்ல. அவ இன்னும் சி விசாவில இருக்கிறா. எங்கட முதல் தலைமுறையில எத்தனை பேர் அப்பிடி? குடியுரிமை இல்லாததுக்கு இன்னொரு விலையும் இருக்கு. சுவிஸ் குடிமகன் யாழ்ப்பாணத்தில் போய் இருந்தாலும் ஆஹாஃபவ் அங்கே வரும். இலங்கைக் கடவுச்சீட்டோடு நிரந்தரமாகத் திரும்பினால் ஓய்வூதியம் வராது, ஏனெனில் இரண்டு நாட்டுக்கும் இடையில் சமூகக் காப்புறுதி ஒப்பந்தம் இல்லை. கட்டின பங்களிப்பை வட்டி இல்லாமல் திருப்பித் தருவார்கள், அவ்வளவுதான். இந்த ஒப்பந்தத்தை எங்களைத் தவிர வேறு யார் கேட்கப்போகிறார்கள்? தாயகம் என்று மேடையில் கதைக்கிற அமைப்புகளில் ஒன்றாவது இதைக் கேட்டு நான் காணவில்லை.

சரி, இனித்தான் நான் உண்மையில் சொல்ல வந்தது.

அக்காவின் 1,300 பிராங்கை வாழக்கூடிய தொகையாக ஆக்குகிற சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1966இலிருந்து இருக்கிறது. ஏ.எல். என்கிற குறைநிரப்புக் கொடுப்பனவு. (ஏ.எல். எண்டதும் எங்கட ஆக்களுக்குப் பரீட்சைதான் ஞாபகம் வரும். இதுவும் பாஸ் பண்ணக் கஷ்டமான ஒண்டுதான்.) தனியாள் ஒருவருக்கு அன்றாடச் செலவுக்கு வருடம் 20,670 பிராங் என்று வைத்து, அதற்கு மேல் வாடகையும் கிராங்கன்காஸவும் சேர்த்து, வருமானத்தைக் கழித்து, குறைகிறதைத் தருவார்கள். மாதக் கணக்கில் 1,722. அக்காவின் பென்சன் வாடகைக்கு முன்னமே அதுக்குக் கீழ. அவவுக்கு முழு உரிமை இருந்தது. ரெண்டு வருசமாக அவ விண்ணப்பிக்கேல்ல.

ஏன் எண்டு கேட்டனான். "அது சோசியல் தம்பி. எடுத்தால் சி விசாவைப் பறிப்பாங்கள்." "பிள்ளையளிட்டக் கேப்பாங்கள்." "சனம் கதைக்கும்."

அக்கா சொன்ன முதல் ரெண்டும் பிழை. ஏ.எல். சோசியல் இல்லை. சமூக உதவி வேறு, இது ஆஹாஃபவ்வோடு சேர்ந்த சட்ட உரிமை. பிள்ளைகளின் சம்பளத்தை இதற்குக் கேட்பதில்லை. வெளிநாட்டவர் என்றால் பத்து வருடம் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்திருக்கவேண்டும், அங்கீகரிக்கப்பட்ட அகதி என்றால் ஐந்து. அக்கா முப்பது வருசத்துக்கு மேல. மூண்டாவது, சனம் கதைக்கும் எண்டது. அது சரிதான். கதைக்கிறது நாங்கள்தானே.

இது எங்கட பிரச்சினை மட்டும் எண்டும் நினைக்க வேண்டாம். புரோ செனக்டூட்டே 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, உரிமை இருந்தும் ஏ.எல். எடுக்காத முதியவர்கள் இந்த நாட்டில் சுமார் 230,000 பேர். மலையில் இருக்கிற சுவிஸ் கமக்காரரும், இத்தாலியிலிருந்து வந்து கட்டடம் கட்டினவரும், எங்கட அக்காவும் அதுக்குள்ள.

அதுதான் என் வாதம். வரி அலுவலகத்திடம் வருமானம் இருக்கிறது. ஆஹாஃபவ் அலுவலகத்திடம் ஓய்வூதியக் கணக்கு இருக்கிறது. வரிப்பாக்கி 50 பிராங் என்றால் கடிதம் தேடி வருகிறது. உரிமையான 1,000 பிராங் என்றால் மட்டும் ஏன் ஆள் தேடிப் போகவேண்டும்? ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கிற அதே நாளில் அலுவலகமே ஏ.எல். கணக்கைப் பார்த்து, "உங்களுக்கு இவ்வளவு உரிமை இருக்கிறது, வேண்டாமென்றால் மட்டும் எழுதுங்கள்" என்று சொல்லவேண்டும். ஓய்வூதிய வயதைக் கூட்டுவது, வீதத்தைக் குறைப்பது என்று பெரிய சீர்திருத்தங்களைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிறார்கள். இந்த ஒன்றுக்குப் புதிய உரிமை எதுவும் தேவையில்லை, இருக்கிற உரிமையைக் கொடுத்தால் போதும். எங்கள் தொழிற்சங்கக் கிளையின் அடுத்த கூட்டத்துக்கு இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பல வேலைச் சம்பளத்தைக் கூட்டிக் கணக்கெடுப்பதையும் அதோடு சேர்த்திருக்கிறேன்.

அக்காவின்ர விண்ணப்பத்தை ரெண்டு ஞாயிறு இருந்து நிரப்பினனாங்கள். கிடைச்சுது. ஆனால் விண்ணப்பிச்ச மாசத்திலயிருந்துதான். பென்சன் முடிவு வந்து ஆறு மாசத்துக்குள்ள போட்டிருந்தால் முதல் மாசத்திலயிருந்தே குடுத்திருப்பினம். போன ரெண்டு வருசம் போனதுதான். கடிதத்தைப் பாத்திட்டு அவ ஒண்டும் சொல்லேல்ல, தேத்தண்ணி போட எழும்பினா. எனக்குத்தான் அந்தக் கோப்பையைக் குடிச்சு முடிக்கக் கஷ்டமாயிருந்தது.

ரெண்டு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு என்னைத்தான் ஏசுவியள். ஏ.எல். எடுக்கிறவர் வருடத்தில் 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் கொடுப்பனவை நிறுத்துவார்கள். ஊரில ஆறு மாசம், இங்க ஆறு மாசம் எண்ட கனவு இதோட சரிவராது. மற்றது, ஊரில் உள்ள காணி, வீடும் சொத்துத்தான். தனியாளுக்கு 100,000 பிராங்குக்கு மேல் சொத்து என்றால், நீங்கள் இருக்கிற வீடு தவிர, ஏ.எல். இல்லை. மறைத்து எடுத்தால் காசையும் திருப்பிக் கட்டவேண்டும், விசாவுக்கும் உண்மையான ஆபத்து அப்போதுதான் வரும். தெளிவாக எழுதிக் குடுக்கிறதுதான் பாதுகாப்பு.

இன்னும் பென்சன் எடுக்காதவை ஒருக்கா ஆஹாஃபவ் அலுவலகத்துக்கு எழுதி உங்கட தனிக்கணக்கு அறிக்கையை எடுங்கோ. இலவசம். எந்த வருடம் எந்த முதலாளி கட்டினார், எந்த வருடம் வெறுமையாகக் கிடக்கிறது என்று அதில் இருக்கும். அஞ்சு வருசத்துக்குள்ள உள்ள ஓட்டையை மட்டும்தான் பிறகு கட்டி அடைக்கலாம், அதுக்கு முந்தினது அப்பிடியே கிடக்கும்.

வாற மாசத்திலயிருந்து ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் பின்னேரம் இந்த மண்டபத்தின்ர பின் அறையில நானும் ரெண்டு தங்கச்சிமாரும் இருப்பம். ஜெர்மன் எழுதத் தெரிஞ்ச பிள்ளையள். வரேக்க ஆஹாஃபவ் அட்டை, கடைசிச் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், கிராங்கன்காஸப் பத்திரம் கொண்டு வாங்கோ. ஊரில காணி இருந்தால் உறுதியின்ர பிரதியும். தனிய வரக் கூச்சமாயிருந்தால் கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அக்காவும் வாறன் எண்டு சொல்லியிருக்கிறா, தேத்தண்ணி தன்ர பொறுப்பாம்.